ஊரோரத்துச் சிறுகாடு: ஓர் எளிய அறிமுகம்

கொங்குப் பக்கத்தில் எந்த டவுனை எடுத்துக்கொண்டாலும், பைபாஸைத் தாண்டி இரண்டு கிலோமீட்டர் போனால் ஒரு கரடு (சின்னப் பாறைக்குன்று) நிற்கும். இல்லாவிட்டால் ஒரு மேய்ச்சல் புறம்போக்கு, ஒரு குட்டை, கல்லெடுத்து முடித்துக் கைவிட்ட குழி. ஒருபுறம் சைட் பிரித்து எல்லைக்கல் நட்டிருப்பார்கள். மறுபுறம் மக்காச்சோளம் நிற்கும். நடுவே ஐந்தோ பத்தோ ஏக்கர் முள்ளும் புதருமாகக் கிடக்கும். அதற்கு வேலி போட்டு, நடக்க ஒரு பாதை விட்டு, வாசலில் பலகை மாட்டினால் 'இயற்கைப் பூங்கா' தயார். சில ஊரில் வனத்துறை செய்கிறது, சில ஊரில் நகராட்சி, சில ஊரில் தொழில் செய்யும் நாலு பேர் சேர்ந்து செய்கிறார்கள்.

இப்படி ஒரு சின்னக் காடு எப்படி உயிரோடு இருக்கிறது? அது நன்றாக இருக்கிறதா இல்லையா என்று ஒரு சாதாரண ஆள் எதை வைத்துச் சொல்லலாம்? இதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். தாவரவியல் படித்திருக்க வேண்டியதில்லை. குனிந்து தரையைப் பார்க்கும் பழக்கம் இருந்தால் போதும்.

தோட்டமா, காடா?

பெயரில் பூங்கா என்று இருப்பதால் பலரும் புல்தரையும் செம்பருத்தி வரிசையும் எதிர்பார்த்துப் போகிறார்கள். போய்விட்டு, "என்னங்க, ஒரே முள்ளுக்காடா இருக்குது" என்று திரும்பி வருகிறார்கள். முள்ளுக்காடாக இருந்தால் அது சரியாக இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

தோட்டத்தில் ஒரு செடி செத்தால் தோட்டக்காரர் வேறொன்று வாங்கி வைப்பார். காட்டில் அதன் இடத்தில் இன்னொன்று தானாக முளைக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இவ்வளவுதான். ஆகவே ஒரு சிறுகாட்டுக்குள் நுழைந்ததும் நான் மரங்களை எண்ணுவதில்லை. மரத்தடியில் தானாக முளைத்த கன்று இருக்கிறதா என்று பார்ப்பேன். முழங்கால் உயரத்தில் வேப்பங்கன்று, விரல் நீளத்தில் ஊஞ்சைக்கன்று, இடுப்பு உயரத்தில் வெப்பாலை என்று மூன்று நான்கு வயதுக் கன்றுகள் கலந்து நின்றால் அந்த இடம் தன்னைத் தானே பார்த்துக்கொள்கிறது. பெரிய மரங்கள் மட்டும் வரிசையாக நின்று, அடியில் பெருக்கிய மண் பளபளவென்று கிடந்தால், எவ்வளவு நிழல் இருந்தாலும் அது தோப்புதான்.

ஒன்றிய அரசு 2020-ல் உலகச் சுற்றுச்சூழல் நாளன்று நகர்வனத் திட்டம் என்று ஒன்றை அறிவித்தது. அதில் ஒரு நகர்வனம் 10 முதல் 50 ஹெக்டேர் வரை இருக்கலாம். 10 ஹெக்டேர் என்றால் கிட்டத்தட்ட 25 ஏக்கர். நம் ஊர்களில் கிடைக்கும் துண்டுகள் பெரும்பாலும் அதைவிடச் சின்னவை. அதனால் அவை உதவாது என்பதில்லை. ஆனால் சின்ன இடத்துக்கென்று சில சிக்கல்கள் இருக்கின்றன. அதற்கு அப்புறம் வருகிறேன்.

நம் ஊர்க் காடு ஏன் பச்சையாக இல்லை

மேற்கே வால்பாறைக்கு ஆழியாற்றிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறினால் அட்டை கடிக்கும் மழைக்காடு. கீழே இறங்கிக் கிழக்கே தாராபுரம் பக்கம் வந்தால் கள்ளியும் வேலமும். இடையில் உள்ள தூரம் அதிகமில்லை. தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துவிடுகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நமக்கு வருவது பெரும்பாலும் ஆடிக்காற்றுதான். சாரல் பொள்ளாச்சி வரை எட்டிப் பார்க்கும், பல்லடம் போவதற்குள் காய்ந்துவிடும். நமக்கு முக்கியமான மழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வருவது. எல்லாம் கூட்டினால் கோவை சமவெளியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 600 முதல் 700 மில்லிமீட்டர்.

இந்த மழைக்கு வளரக்கூடியது முட்காடும் இலையுதிர் வறள்காடும்தான். இந்தியக் காடுகளைச் சாம்பியன், சேத் என்ற இருவர் 1968-ல் வகைப்படுத்தினார்கள். வனத்துறை இன்றும் அந்தப் பட்டியலைத்தான் பயன்படுத்துகிறது. அதில் இந்த இரண்டுக்கும் தனித்தனி வகை உண்டு. மழைக்காட்டைவிடத் தாழ்ந்தது என்று அதில் எங்கும் இல்லை. அந்த நினைப்பு நம்முடையது.

செடிகளைக் கிட்டப் போய்ப் பார்த்தால் கணக்குப் புரியும். வெள்வேலத்தின் இலை பொடிப்பொடியாக இருக்கும். ஊஞ்சையும் அப்படித்தான் (இதன் இலையைக் காயவைத்து இடித்தால் தலைக்குத் தேய்க்கும் அரப்பு). இலை சின்னதானால் வெயிலில் இழக்கும் நீரும் குறைவு. கிளுவை பாதி ஆண்டு மொட்டையாக நிற்கும். செத்துப் போச்சு என்று நினைத்துப் பட்டையை நகத்தால் சுரண்டினால் உள்ளே பச்சை. சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் இலை என்ற சிரமமே வேண்டாம் என்று தண்டையே பச்சையாக வைத்துக்கொண்டன. சூரையும் இலந்தையும் காரையும் சங்கமுள்ளும் ஆட்டு வாய்க்குத் தப்ப முள்ளை வளர்த்தன. மாசியிலிருந்து சித்திரை வரை இந்தக் காடு பழுப்பாகத்தான் இருக்கும். அதிலும் வேம்பும் புங்கனும் வெயில் ஏறுகிற நேரம் பார்த்துத் தளிர் விடுகின்றன. பங்குனிக் கடைசியில் புங்கந்தளிரின் மினுமினுப்பைப் பார்த்தவர்களுக்குக் கோடையில் இந்தக் காடு மொத்தமாகச் சாவதில்லை என்பது தெரியும்.

கோடையில் பச்சையாக வைத்திருக்க வேண்டும் என்று சொட்டுநீர் போட்டு, டேங்கரில் தண்ணீர் விட்டு, எங்கிருந்தோ கொண்டுவந்த மரங்களை நடுகிறவர்கள் உண்டு. நல்ல எண்ணம்தான். ஆனால் தண்ணீர் நின்ற வருஷம் அந்த மரங்களும் நின்றுவிடும்.

மரமும் புல்லும் முள்ளும் கலந்த நிலத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பது கொங்குக்காரர்களுக்குப் புதிதில்லை. காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில் பக்கம் கொறங்காடு என்று ஒரு முறை இருக்கிறது. சில ஏக்கர் மேய்ச்சல் நிலம், சுற்றிலும் உயிர்வேலியாகக் கிளுவை, உள்ளே கொழுக்கட்டைப்புல், அங்கங்கே வெள்வேலமரம். காங்கேயம் மாடும் மேச்சேரி ஆடும் இதில்தான் வளர்ந்தன. வெள்வேலத்தின் காய் கோடையில் உதிரும். புல் காய்ந்த நேரத்தில் ஆட்டுக்கு அது தீனி. இதன் நிழல் புல்லைக் கொல்லும் அளவுக்கு அடர்த்தியும் கிடையாது. ஒரு பட்டியில் மேய்த்துவிட்டு அடுத்த பட்டிக்கு ஓட்டுவார்கள், முதல் பட்டி தேறிக்கொள்ளும். கௌதாரி, முயல், கீரி எல்லாம் இந்த வேலிக்குள் சுகமாக இருந்தன. ஊரோரத்தில் சிறுகாடு அமைக்க நினைப்பவர்கள் வெளிநாட்டு முறையைத் தேடுவதற்கு முன் ஒரு நல்ல கொறங்காட்டை ஒரு நாள் சுற்றிப் பார்த்துவிடலாம் என்பது என் அபிப்பிராயம். இப்போது பல கொறங்காடுகள் சைட்டாகவும் சோலார் தகடு பதித்த நிலமாகவும் மாறிவருகின்றன, அது வேறு கதை.

தரையில் கிடப்பது

பூங்கா வாசலில் இப்படி ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும்.

"ஏனுங்க, ஆள் வெச்சுக் கூட்ட மாட்டாங்களா? ஒரே குப்பையாக் கெடக்குது."

"அது குப்பையில்லீங்கம்மா, சருகுங்க. கூட்டிப்போட்டா மரம் என்னத்தைத் திங்கும்?"

காவலாளி சொன்னதுதான் சரி. காட்டின் பாதி வேலை சருகுக்கு அடியில் நடக்கிறது. ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு புங்கமரத்தடியில் உட்கார்ந்து சருகை மெதுவாக விலக்கிப் பாருங்கள். (கையால் வேண்டாம், குச்சியால். காரணம் பின்னால்.) மேலே மொறமொறவென்று இந்த வருஷத்து இலை. அதற்குக் கீழே நரம்பு மட்டும் மிஞ்சி சல்லடையாகிப் போன இலை. நடுவிலிருந்த சதையைப் பூஞ்சையும் புழுவும் தின்றுவிட்டன. இன்னும் கீழே வெள்ளை நூல் மாதிரிப் பூஞ்சை ஓடும் கருப்புப் பொடி. அதைக் கிள்ளி முகர்ந்தால் மழை மண் வாசம். சுற்றிலும் மரவட்டை சுருண்டு கிடக்கும், பூரான் ஓடும், நத்தை ஒட்டியிருக்கும். முதல் மழை விட்ட காலையாக இருந்தால் செம்மண்ணின் மேல் அதைவிடச் சிவப்பாகத் தம்பலப்பூச்சி மெல்ல நடந்துகொண்டிருக்கும். தொட்டால் வெல்வெட் துணி. சில நாள்தான் வெளியில் நடமாடும், அப்புறம் அடுத்த மழைக்காலம் வரை கண்ணில் படாது.

வறண்ட நிலத்தில் சருகைச் சிதைப்பதில் பெரிய பங்கு கரையானுக்கு. பாதையோரம் இருக்கும் புற்றை அசிங்கம் என்று இடித்துத் தள்ளுகிற ஊர்கள் உண்டு. அந்தப் புற்றுக்குள் கரையான் ஒரு பூஞ்சையை வளர்த்துத் தின்கிறது. மழைக்குப் பின் இடி இடித்த மறுநாள் நாம் தேடிப் போய்ப் பறித்து வந்து குழம்பு வைக்கிற புற்றுக்காளான் அந்தப் பூஞ்சையின் வெளித்தலை. புற்று போனால் காளானும் போயிற்று.

சருகுக்கும் ஒரு பறவைக்கும் உள்ள உறவைச் சொல்லாமல் இந்தப் பகுதியை முடிக்க முடியாது. ஆறுமணிக்குருவி என்று ஒன்று உண்டு. மைனாவைவிடச் சற்றுச் சின்னது, குட்டை வால், உடம்பில் பச்சை, நீலம், சிவப்பு, மஞ்சள், கருப்பு என்று இல்லாத நிறமில்லை. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்கு நம் பக்கம் வரும். இரவில் பறந்து வருவதால், ஐப்பசி வாக்கில் களைத்துப்போய் யார் வீட்டுத் தோட்டத்திலாவது விழுந்து கிடப்பதுண்டு. விடியலிலும் பொழுது சாயும்போதும் இரண்டு விசில் அடிக்கும், அதனால்தான் இந்தப் பெயர். இது மரத்தில் பழம் தின்னும் பறவையில்லை. தரையில் தத்தித் தத்திப் போய் அலகால் சருகைப் புரட்டி, அடியிலிருக்கும் பூச்சியையும் புழுவையும் எடுத்துத் தின்னும். இந்தியாவின் நடுப்பகுதியிலிருந்து கிளம்பி வருகிற ஒரு பறவைக்கு நம் ஊரில் ஆறு மாதம் தேவைப்படுவது புதர் மறைவும் கூட்டாத கொஞ்சம் சருகும்தான். பத்து ஏக்கர் காட்டில் அதற்கு இடமிருக்கிறது. தினமும் கூட்டிக் கொளுத்துகிற நூறு ஏக்கர் பூங்காவில் இல்லை.

சருகுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பத்து ஏக்கர் என்பது ஏறத்தாழ 40,000 சதுர மீட்டர். 650 மில்லிமீட்டர் மழை என்றால் அந்தப் பரப்பில் ஓராண்டில் விழும் நீர் சுமார் 2 கோடியே 60 லட்சம் லிட்டர். பெருக்கிய, மிதித்து இறுகிய மண்ணில் இதில் பெரும்பகுதி ஓடிப் பள்ளத்தில் சேர்ந்துவிடும். சருகு மூடிய மண்ணில் துளியின் வேகம் தணிந்து கொஞ்சமாவது இறங்கும். நம் ஊருக்கடியில் பெரும்பாலும் கெட்டிப் பாறை. நீர் தங்குவது அதன் விரிசல்களில்தான். ஒரு சிறுகாடு ஊர் போர்வெல்லை எல்லாம் நிரப்பிவிடும் என்று மேடையில் பேசுவதை நம்ப வேண்டாம். பக்கத்துக் கிணற்றுக்கு ஒரு நன்மை, அவ்வளவுதான்.

முள் யாருக்குக் காவல்

வேப்பம்பழத்தை மைனாவும் வௌவாலும் தின்றுவிட்டுக் கொட்டையை எங்கோ போடுகின்றன. வெட்டவெளியில் விழுந்த கொட்டை முளைத்தால் மறுவாரம் வெள்ளாடு கடித்துவிடும். சூரைப்புதருக்குள் விழுந்தது பிழைக்கும், ஏனென்றால் வளைந்த முள்ளுக்குள் ஆடு மூக்கை நுழைக்காது. இரண்டு மூன்று வருஷத்தில் கன்று புதரைத் தாண்டித் தலை நீட்டும்; அப்புறம் மரமாகி நிழல் விழுந்து, காவல் காத்த புதரே மெலிந்துபோகும். இந்த வரிசை தெரியாமல் 'புதர் அகற்றும் பணி' என்று ஜேசிபி விட்டு மொத்தத்தையும் வழித்துவிட்டு, அதே இடத்தில் கூண்டு வைத்து மரக்கன்று நடுகிறார்கள். காசு கொடுத்து வாங்கிய கூண்டு செய்யும் வேலையைச் சூரை சும்மா செய்துகொண்டிருந்தது.

ஆல், அரசு, இச்சி, அத்தி இந்த நான்கில் ஒன்றிரண்டாவது சிறுகாட்டில் இருக்க வேண்டும். மற்ற மரங்கள் ஒரு பருவத்தில் பழுத்து ஓய்ந்துவிடும். இவை அப்படியில்லை; ஒரு மரம் ஓய்ந்தால் இன்னொன்று காய்க்கும், வேறு பழம் கிடைக்காத மாதத்திலும் குயிலுக்கும் சின்னானுக்கும் ஏதாவது இருக்கும். ஒவ்வொரு வகை அத்திக்கும் மகரந்தம் சேர்க்கத் தனிச் சின்னக் குளவி உண்டு. மரம் தொடர்ந்து காய்த்தால்தான் குளவி பிழைக்கும், குளவி பிழைத்தால்தான் மரம் காய்க்கும். பனைமரத்து மட்டை இடுக்கில் ஆலமரம் முளைத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பறவை போட்ட எச்சம்தான் அங்கே விதை நட்டது.

வண்ணத்துப்பூச்சி வேண்டும் என்று பூச்செடி நடுவார்கள். பூ, வளர்ந்த பூச்சிக்குச் சாப்பாடு. புழுவுக்கு இலை வேண்டும், அதுவும் கண்ட இலை ஆகாது. எலுமிச்சை அழகி எலுமிச்சை, நாரத்தை வகையறா இலையில்தான் முட்டையிடும். வெந்தய வரியனின் புழுவுக்கு எருக்கு. ஓரமாக நிற்கும் எருக்கு இலையைத் திருப்பிப் பாருங்கள்: வெள்ளை, கருப்பு, மஞ்சள் வரி போட்ட புழு ஒன்று இலையை அரித்துக்கொண்டிருக்கலாம். எருக்கம்பாலில் உள்ள நஞ்சை அது உடம்பில் சேர்த்துவைத்துக்கொள்கிறது. அதனால் பறவைகள் அதை வேண்டாமென்று விடுகின்றன. கோடை முடிவில், தென்மேற்கு மழைக்கு முன்னால், நீல வரியன்களும் கருப்பு நிற வெண்புள்ளிப் பூச்சிகளும் மேற்கு மலையிலிருந்து கிழக்கே கூட்டங்கூட்டமாகப் போவதைக் கோவை, திருப்பூர்ப் பக்கம் ரோட்டிலேயே பார்க்கலாம். வழியில் அவை கிலுகிலுப்பைச் செடியில் மொய்க்கும். தேனுக்காக இல்லை, காய்ந்த இலையையும் காயையும் சுரண்டி ஒரு வேதிப்பொருளை உறிஞ்சுகின்றன, ஆண் பூச்சிக்கு இணை சேர அது தேவை. எருக்கையும் கிலுகிலுப்பையையும் நர்சரியில் தேடிப் போக வேண்டியதில்லை. களை என்று பிடுங்காமல் இருந்தால் போதும்.

பத்து ஏக்கரின் வடிவம்

இப்போது சின்ன இடத்தின் சிக்கலுக்கு வருவோம். காட்டின் விளிம்பு வெயிலுக்கும் காற்றுக்கும் தூசிக்கும் திறந்து கிடக்கிறது. சீக்கிரம் காயும், களை சீக்கிரம் நுழையும், நாய் எளிதாக வரும். இதற்கு ஓர விளைவு என்று பெயர். ஈரத்துணியை நான்காக மடித்து வைத்தால் நடுமடிப்பு கடைசியில்தான் காயும். அதே துணியை நாடா நாடாவாகக் கிழித்துக் கொடியில் போட்டால் எல்லாம் ஒரே நேரத்தில் காய்ந்துவிடும். காட்டுக்கும் அதே கதை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓரத்தின் பாதிப்பு உள்ளே 20 மீட்டர் வரை போகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து ஏக்கரைச் சதுரமாக எடுத்தால் 200 மீட்டருக்கு 200 மீட்டர். நான்கு பக்கமும் 20 மீட்டரைக் கழித்தால் உள்ளே 160-க்கு 160, அதாவது 25,600 சதுர மீட்டர். மொத்தத்தில் 64 சதவீதம் உண்மையான உட்காடு. அதே பத்து ஏக்கர் வாய்க்கால் ஓரமாக 40 மீட்டர் அகலத்தில் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடினால்? இரண்டு பக்கமும் 20 மீட்டர் கழித்தால் மிச்சம் பூஜ்யம். முழுக்க ஓரம்தான்.

சதுரமாக இருந்தும் நடுவே எட்டடி சிமென்ட் பாதை, அதில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஒரு நீரூற்று, இருபுறமும் விளக்குக் கம்பம் என்று போட்டால் உள்ளேயே புதிய ஓரங்களை உண்டாக்குகிறோம். பாதை குறுகலாக, மண்ணாக, விளிம்பை ஒட்டிச் சுற்றி வந்தால் நல்லது. விளக்கு வேண்டவே வேண்டாம். ஆந்தைக்கும் மரநாய்க்கும் விட்டில் பூச்சிக்கும் இருட்டுதான் நாள். பொழுதோட ஆறு மணிக்குக் கதவைப் பூட்டிவிட்டால் மின்கட்டணமும் மிச்சம்.

மேற்கு ஓரத்தைப் புதர் போட்டு அடைப்பதும் இங்கே முக்கியம். ஆடிக்காற்று மூன்று மாதம் அந்தப் பக்கத்திலிருந்துதான் அடிக்கிறது. ஆவாரை, நொச்சி, கிளுவை என்று அடர்ந்த விளிம்பு இருந்தால் காற்று மேலே ஏறிப் போகும், உள்ளே சருகு பறக்காது.

அடுத்தது தொடர்பு. 1960-களில் ராபர்ட் மெக்கார்த்தர், எட்வர்ட் வில்சன் என்ற இரு அமெரிக்க அறிவியலாளர்கள் தீவுகளைப் பற்றி ஒரு கருத்தைச் சொன்னார்கள்: தீவு எவ்வளவு சின்னதோ, பெருநிலத்திலிருந்து எவ்வளவு தொலைவோ, அதில் தங்கும் உயிர்வகைகள் அவ்வளவு குறைவு. வீடுகளும் வயல்களும் சூழ்ந்த சிறுகாடும் ஒரு தீவுதான். பறவையும் வௌவாலும் தாண்டி வந்துவிடும். எல்லாவற்றாலும் முடியாது. தேவாங்கை எடுத்துக்கொள்ளுங்கள், அது கிளைவிட்டுக் கிளை பிடித்து மெல்ல நகரும் பிராணி, வெட்டவெளியைக் கடப்பது அதற்குப் பெரும்பாடு. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர் மலைப் பகுதியை 2022-ல் தேவாங்குச் சரணாலயமாக அறிவித்தபோது எடுத்தது 11,806 ஹெக்டேர். பத்து ஏக்கரில் தேவாங்கைக் காப்பாற்றுவோம் என்று சொன்னால் அது பேச்சுக்குத்தான்.

ஆனால் பத்து ஏக்கர்த் துண்டுகளை இணைக்கலாம். நம் நிலத்தில் அதற்கு வேண்டியவை ஏற்கெனவே கிடக்கின்றன: மழைநீர் ஓடும் பள்ளம், அதன் இரு கரைப் புதர், தோட்டத்துக் கிளுவை வேலி, கருப்பராயன் கோயிலைச் சுற்றிய தோப்பு, கன்னிமார் சாமிக்கு விட்ட ஆலமரம். சென்னிமலை, சிவன்மலை, ஊதியூர் மலை போல இன்னும் காடு மிஞ்சியிருக்கும் கரடுகள் நடுவே நிற்கின்றன. பூங்காவுக்குச் செலவிடும் அக்கறையில் பாதியை, பூங்காவையும் கரட்டையும் இணைக்கும் பள்ளத்தின் மேல் வைத்தால் பலன் அதிகம். கம்பிவேலியும் ஹாலோபிளாக் சுவரும் வந்தபின் கிளுவை வேலி போய்க்கொண்டிருக்கிறது. ஓணானும் கீரியும் போய்வந்த வழியும் அதோடு போகிறது.

மருதமலை, தடாகம், ஆனைகட்டி என்று மலையடிவார ஊர்களுக்கு மட்டும் இதெல்லாம் அப்படியே பொருந்தாது. அங்கே காட்டைத் தொடர்புபடுத்தினால் வருவது யானை. அது தனியாகப் பேச வேண்டிய விஷயம்.

வந்தேறிகளும் அவசரக் காடும்

சீமைக்கருவேலம், உண்ணிச்செடி, பார்த்தீனியம். மூன்றும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. நம் ஊரோர நிலத்தில் கால் வைத்தால் இந்த மூன்றில் ஒன்றாவது காலில் படும். தமிழ்நாடு அரசு 2022-ல் அந்நியக் களைத் தாவரங்களை அகற்றுவதற்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. சீமைக்கருவேலம் காற்றிலுள்ள ஈரத்தையே உறிஞ்சிவிடும் என்பது வாட்ஸ்அப் கதை. ஆழமான வேரும், பிற செடிகளை அண்டவிடாத அடர்த்தியும் இருப்பது உண்மை. அதை அகற்ற வேண்டும். ஒரே வாரத்தில் மொத்தமாக அல்ல. வெறும் தரையானால் அடுத்த மழைக்கு முதலில் முளைப்பது அதே சீமைக்கருவேலம்தான். மண்ணில் அதன் விதை ஏராளம். கால் ஏக்கர், அரை ஏக்கராக வேரோடு எடுத்து, அந்த இடத்தில் நாட்டுப் புல்லும் புதரும் பிடித்ததும் அடுத்த துண்டுக்குப் போவதுதான் முறை. அதுவரை அதில் கூடு கட்டியிருக்கும் தவிட்டுக்குருவிக்கும் இடம் மாற நேரம் கிடைக்கும்.

'மியாவாக்கி காடு' என்று இப்போது எல்லா ஊரிலும் பலகை தென்படுகிறது. அகிரா மியாவாக்கி ஜப்பானியத் தாவரவியலாளர். ஒரு சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்று நெருக்கி நட்டு, இரண்டு மூன்று வருஷம் தண்ணீர் விட்டு வளர்ப்பது அவர் முறை. அந்தந்த மண்ணில் இயற்கையாக எது வளருமோ அதைத்தான் நட வேண்டும் என்பது அதன் அடிப்படை. நம்மூரில் நெருக்கத்தை எடுத்துக்கொண்டு அடிப்படையை விட்டுவிட்டோம். புல்லும் முள்ளும் இடைவெளியும் உள்ள நிலத்தில் சுவர் மாதிரி மரத்தை நெருக்கினால், வெட்டவெளியில் வாழும் கௌதாரிக்கும் பனங்காடைக்கும் அங்கே வேலையில்லை. பனியன் கம்பெனி வாசலில், தொழிற்பேட்டை மூலையில் நிழலுக்கும் தூசிக்கும் வைப்பதென்றால் தாராளமாக வைக்கட்டும். ஏற்கெனவே முட்காடாக இருக்கும் இடத்தை வழித்துவிட்டு அங்கே வைப்பதை மட்டும் எந்தக் காரணம் சொன்னாலும் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

போகிறவர்களுக்கு

போவதானால் விடியலில் போங்கள். புரட்டாசி முதல் தை வரை நல்ல காலம். சருகைக் கையால் விலக்காதீர்கள் என்று சொன்னதன் காரணம் பாம்பு. சுருட்டை விரியனும் கண்ணாடி விரியனும் சருகு நிறத்திலேயே கிடக்கும். பாதையை விட்டு இறங்காமல், செருப்புக்குப் பதில் ஷூ போட்டு, இருட்டில் டார்ச் இல்லாமல் நடக்காமல் இருந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. பூங்காவில் அதிகம் கண்ணில் படுவது சாரைதான். அது எலி தின்னும், நஞ்சில்லை. யாரையாவது பாம்பு கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எல்லாம் வேண்டாம். நேராக அரசு மருத்துவமனை.

மயிலைப் பற்றிக் கேட்காமல் யாரும் போவதில்லை. கொங்கில் மயில் பெருகியதற்குக் குள்ளநரி குறைந்ததுதான் காரணம் என்று விவசாயிகள் சொல்வார்கள். மயிலுக்குப் பிடித்தது புதரும் வயலும் அடுத்தடுத்து இருக்கும் நிலம். ஊரோரச் சிறுகாடு அதற்கு ராத்தங்கும் இடம், பக்கத்துத் தக்காளிக் காடு அதற்குச் சாப்பாடு. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கும் பறவை அது, கை வைக்க முடியாது. பூங்காவுக்கு வந்து மயிலுக்கு அரிசி போடுகிறவர்கள், பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடலாம். தெருநாய்க்கு மிச்சச் சோறு வைப்பதும் அப்படித்தான். சிறுகாட்டில் முயல்குட்டிக்கும் தரையில் கூடு வைக்கும் பறவைக்கும் நாயைவிடப் பெரிய ஆபத்து கிடையாது.

உங்கள் ஊரோரத்தில் இப்படி ஒரு துண்டு இருந்து, அதற்கு இன்னும் பெயரோ பலகையோ இல்லை என்றால், முதலில் கேட்க வேண்டிய இடம் ஊராட்சி அல்லது நகராட்சி அலுவலகம். 2002-ம் ஆண்டு உயிரியல் பல்வகைமைச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் ஒரு மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். ஊரிலுள்ள செடிகொடி, உயிரினங்கள், அவற்றைப் பற்றி மக்களுக்குத் தெரிந்தவை எல்லாவற்றையும் எழுதிய மக்கள் பதிவேடு ஒன்றும் இருக்க வேண்டும். அதைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். உங்கள் கரடும் அதிலுள்ள வெள்வேலமும் எழுதப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால், ஆடு மேய்க்கும் பெரியவர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய் எழுத வையுங்கள்; எந்த முள்ளுக்கு என்ன பேர் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.